மச்சமா, தேமலா?

எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் பரங்கிப்பூவுக்கு ஏகக் கிராக்கி. கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் ஒரு மஞ்சள் பூவைச் செருகினால்தான் வாசலுக்கே களை வருகிறது. அதற்காகவே புரட்டாசியில் கொல்லையில் நாலு விதை ஊன்றிவிடுவேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் பார்த்தால், தளதளவென்று ஓடிய கொடியில் இலைக்கு இலை வெள்ளைத் திட்டு! நோய் வந்துவிட்டது, மற்றதுக்கும் ஒட்டிக்குமே என்று பதறி, இரண்டு கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். கீரை கொண்டுவரும் ஆயா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது பொறவி மச்சம் மாதிரி. இதுக்குப் போயி கொடியப் புடுங்குவாங்களா?"

பாடம் படித்தோம் என்று இருந்தால், மறு வருஷம் நேர் எதிராக ஏமாந்தேன். ஒரு கொடியில் நுனி இலை நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடியது. "இதுவும் மச்சம்தான்" என்று சும்மா இருந்தேன். தை பிறப்பதற்குள் நாலு கொடியும் போச்சு.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள்.

மச்சம்: தேய்த்தாலும் போகாது. நரம்புகள் பிரியும் மூலைகளில், இலையின் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அடிப்பக்கம் பச்சையாகவே இருக்கும். மேல்தோலுக்குக் கீழே காற்று தங்கிய இடம் வெள்ளியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை பச்சையாக இருந்த கொடியில் புது இலைகள் முழுக்க வெள்ளி பூசினாற்போல வந்தால் மட்டும் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ சாறு உறிஞ்சினாலும் அப்படி ஆகும்.

சாம்பல் நோய்: விபூதி தூவினாற்போல இருக்கும், தேய்த்தால் விரலில் ஒட்டும். முதலில் அடியிலுள்ள முற்றின இலைகளில் வட்ட வட்டமாகத் தொடங்கி, இரண்டு பக்கமும் பரவும். மோசமான இலைகளைக் கிள்ளிவிட்டு, கொடிக்கு வெயிலும் காற்றும் படச் செய்யுங்கள். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலையில் தெளியுங்கள். வேடிக்கை இல்லை, பிரேசில் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்து 1999-ல் எழுதியிருக்கிறார்கள். கந்தகத்தூளை நினைத்தபடி தூவாதீர்கள். வெயில் நேரத்தில் பரங்கி இலை கருகிவிடும்.

மஞ்சள் தேமல்: இதுதான் பொல்லாதது. இளம் இலையில் நரம்பு மஞ்சளாகி, இலை சிறுத்துச் சுருங்கும். இது வைரஸ், மருந்து கிடையாது. கொண்டுவந்து சேர்ப்பது வெள்ளை ஈ. அந்தக் கொடியை அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், தயவு பார்க்காதீர்கள்! மற்ற கொடிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிக் கொடிக்குப் பக்கத்தில் நட்டால், ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் சந்தேகமா? ஒரு இலையைக் கவரில் போட்டுக் குரும்பாப்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

இப்போது என் கொல்லையில் மச்சம் உள்ள கொடிகள்தான் ஓடுகின்றன. கோலத்துக்கு நீளக் காம்புள்ள ஆண் பூவை மட்டும் பறிக்கிறேன். அதிலும் நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவைத்தால், அடியில் குட்டிப் பிஞ்சோடு வரும் பெண் பூ காயாகும். வாசலுக்குப் பூவும் ஆச்சு, பொங்கலுக்குக் காயும் ஆச்சு!