பியருக்கு ரயில் கேட்கும் தம்பிமாருக்கு

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறோம், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். "நாங்கள்" என்று எழுதுவது பந்தாவுக்கல்ல. ஸ்டாஃப் ரூமில் நாலைந்து பேர் இருந்து கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மூன்று நாளாக எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் சுற்றுகிறது. ஐரோப்பாவில் எங்கோ ஒரு சரக்கு ரயில், பெட்டி நிறைய பியர் பீப்பாய்கள். கீழே இப்படி: "அங்கே பியர் ஏற்றி ரயில் பிழைக்கிறது. இங்கே நட்டம் என்று அழுகிறோம். பியர் கம்பனிகளின் சரக்கை ரயிலுக்குக் கொண்டுவந்தால் கண்டி ரோட்டில் லொறியும் குறையும், அரசாங்கத்துக்குக் காசும் வரும்." அதற்குக் கீழே ஒரு பக்கம் "ஹராம், ஹராம்" என்று நம்மவர்கள். மறுபக்கம் "ரயில் சும்மா சுமக்கிற வண்டிதானே, அதற்கென்ன மார்க்கம்" என்று சிரிப்பு. இரண்டு பக்கத்தோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

சிரித்தவர்களிடம் முதலில் வருகிறோம். சுமக்கிறவனுக்குப் பொறுப்பில்லை என்று யார் சொன்னது? மது தொடர்பாக நபி (ஸல்) அவர்கள் சபித்த பத்துப் பேரைப் பற்றிய ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அந்தப் பத்தில் குடிக்கிறவர் ஒருவர் மட்டும்தான். பிழிகிறவர், விற்கிறவர், வாங்குகிறவர், ஊற்றிக் கொடுக்கிறவர் எல்லாம் அதில் வருகிறார்கள். சுமந்து செல்பவரும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரும் வருகிறார்கள். சுமப்பது சின்ன விஷயம் என்று கண்டி முஸ்லிமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்டி ராஜாக்கள் காலத்தில் "மடிகே" என்றொரு போக்குவரத்துப் பகுதி இருந்தது. பொதி மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைக்கும் கரைக்கும் நடந்தவர்களில் எங்கள் மூத்தவர்கள் நிறையப் பேர். உடதலவின்ன மடிகே என்ற பெயரில் அது இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதை ஏற்றுகிறோம், யாருக்கு ஏற்றுகிறோம் என்பது வண்டிக்காரனின் முதல் கேள்வி.

இனி "ஹராம்" என்று எழுதியவர்கள். தம்பிமாரே, பியர் இப்போது எதில் போகிறது? லொறியில். அந்த லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் உறுமிக்கொண்டு போகும்போது யாராவது ஒரு வரி எழுதினீர்களா? ரயில் என்றதும் மட்டும் ஏன் கோபம்? அதே ஹதீஸில் "அதன் விலையை உண்பவர்" என்றும் ஒருவர் வருகிறார். மதுவரி இந்த நாட்டுத் திறைசேரியின் பெரிய வருமானங்களில் ஒன்று. எங்கள் சம்பளமும் அந்தத் திறைசேரியிலிருந்துதான் வருகிறது. இதை எழுதும்போது எங்களுக்கே தொண்டையில் முள் குத்துகிறது. குத்தட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். குடி என்று பேச்சு வந்தால் உடனே மஹய்யாவ லயத்தைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தைக் கூட்டவும் கழுவவும் வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த மக்கள், தலைமுறை தலைமுறையாக ஒற்றை அறைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஹோட்டலில் ஏசிக்குள் குடிக்கிறவனை விட்டுவிட்டு லயத்து வாசலில் குடிக்கிறவனை மட்டும் காட்டுவது அநியாயம். நம்மவர்களில் குடிக்கிறவர்களே இல்லை என்று நடிப்பது அதைவிட அநியாயம்.

சரி, ரயிலுக்கு வருவோம். படம் போட்ட தம்பி சொன்ன வரலாறு பொய்யில்லை. ஜேர்மனியில் 1835 டிசம்பரில் நியூரம்பர்க் - ஃபியூர்த் பாதை திறந்தது. 1836 ஜூலை 11ஆம் திகதி இரண்டு பீப்பாய் பியர் அதில் போனது. அந்த நாட்டு ரயிலில் ஏறிய முதல் சரக்கு அதுதான் என்று சொல்வார்கள். லண்டன் செயின்ட் பான்கிராஸ் ஸ்டேஷன் 1868இல் திறந்தது. அதன் பிளாட்பாரங்களுக்குக் கீழே பெரிய நிலவறை. பர்ட்டன் ஊரிலிருந்து வரும் பியர் பீப்பாய்களை அடுக்கத்தான் அந்த இடம். கீழே நிற்கும் இரும்புத் தூண்களின் இடைவெளியைப் பீப்பாயின் அளவை வைத்தே தீர்மானித்தார்கள்! அத்தனை பெரிய ஸ்டேஷனுக்கு அளவுகோல் ஒரு பீப்பாய். மனுசன் அல்ல.

நம் பக்கம் எப்படி? 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. கண்டியானுக்காக வரவில்லை, கோப்பிக்காக வந்தது. துரைமார் நச்சரித்து வாங்கிய பாதை. 1880இல் மஹய்யாவ வழியாக மாத்தளைக்குப் போனதும் தோட்டங்களுக்காகத்தான். கோப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது. 1885இல் பாதை நானுஓயாவைத் தொட்டது. அங்கே பீப்பாய் அளவுகோல் என்றால் இங்கே கோப்பி மூட்டை, பிறகு தேயிலைப் பெட்டி. மலையைக் குடைந்து பாதை போட்ட கூலிகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆகவே எங்கள் கேள்வி, பியரை ஏற்றலாமா கூடாதா என்பதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மீண்டும் சரக்கு ஏற்றத் தொடங்கினால், முதலாவது பெட்டி யாருக்கு?

பியர் கணக்கையே எடுத்துப் பாருங்கள். இந்த நாட்டில் பியர் காய்ச்சத் தொடங்கிய இடம் நுவரெலியா. 1849இல் சாமுவேல் பேக்கர் தொடங்கியது என்று கம்பனியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். குளிரும் நல்ல தண்ணீரும் அங்கே. மோல்ட் கப்பலில் வந்து மலை ஏற வேண்டும், காய்ச்சிய பியர் மலை இறங்க வேண்டும். பியரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தானே. தண்ணீரை மலையிலிருந்து கொழும்புக்குச் சுமப்பது புத்தியா? 1990களின் இறுதியில் லயன் கம்பனி பியகமவில் பெரிய ஆலையைப் போட்டது. குடிக்கிற சனம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், களனி ஆற்றோரம். (2016 வெள்ளத்தில் அதே ஆறு உள்ளே வந்து பல மாதம் ஆலையை நிறுத்தியது வேறு கதை.) மற்றப் பெரிய ஆலை மாவத்தகமவில், குருநாகல் ரோட்டில்.

இரண்டு இடத்திலும் வாசலில் தண்டவாளம் இல்லை. ஆகவே ஆலையில் லொறியில் ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, கண்டியில் இறக்கி, மறுபடி லொறியில் ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் 120 கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்கு நாலு தரம் கைமாற்றம், உடையும் போத்தல், திரும்பிப் போக வேண்டிய வெற்றுப் போத்தல். எந்தக் கணக்குப்பிள்ளை இதை இலாபம் என்பான்? டப்ளினில் கின்னஸ் கம்பனி ஆலைக்குள்ளேயே தன் செலவில் குட்டி ரயில் ஓட்டியது. நம் தம்பிமார் கேட்பது அதையல்ல. அரசாங்கம் பெட்டி கொடுக்க வேண்டும், கம்பனி சரக்கைக் கொடுக்கும் என்கிறார்கள்.

லொறி குறையும் என்ற பேச்சில் மட்டும் நியாயம் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை ரோட்டைக் கடக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிற எங்களுக்கு அது விளங்கும். சரக்கு ரயிலுக்குப் போகத்தான் வேண்டும். இன்றைக்கு எண்ணெயும் கோதுமை மாவும் சீமெந்தும் கொஞ்சம் போகின்றன, மிச்சமெல்லாம் ரோட்டில். ஆனால் லொறியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மரக்கறியிலிருந்து தொடங்குங்கள். நானுஓயா, அம்பேவல, பட்டிப்பொல, பண்டாரவளை எல்லாம் பாதையிலேயே இருக்கின்றன. லீக்ஸையும் கோவாவையும் உர மூட்டையில் திணித்து, மேலே ஆளும் உட்கார்ந்து, லொறியில் இரவெல்லாம் குலுக்கிக் கொண்டுபோய் நூற்றுக்கு முப்பது நாற்பதைக் குப்பையில் கொட்டுகிறோம். 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் நின்றபோது தோட்டத்தில் அழுகியது என்ன, கண்டி மார்க்கட்டில் விலை ஏறியது என்ன, எல்லாவற்றையும் பார்த்தோம். அந்த நேரத்தில் யாரும் பியருக்கு ரயில் கேட்கவில்லையே!

இதுவும் லேசில்லை என்று தெரியும். கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த மெனிங் மார்க்கட்டை 2020இல் பேலியகொடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேயும் கைமாற்றம் வரும், பிளாஸ்டிக் கூடைகள் வேண்டும், குளிர்ப் பெட்டி வேண்டும். செலவுதான். ஆனால் மிஞ்சுவது சோற்றுக்குக் கறி.

அதற்கும் முன்னால், மாத்தளைப் பாதையில் சீசன் டிக்கெட்டோடு வரும் பிள்ளைகள். வத்தேகம, உடதலவின்ன, கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறவர்கள். எங்கள் மஹய்யாவ தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்க ஒழுங்கான ஒரு கூரையும், பாடசாலை விடும் நேரத்துக்கு மேலதிகமாக இரண்டு பெட்டியும் கேட்டால், "பாதை திறன் இல்லை" என்ற பதில் வரும். பியருக்கு மட்டும் அந்தத் திறன் எங்கிருந்து வரப்போகிறது?

எல்லாம் முடிந்த பிறகும் கம்பனிக்கு ரயில்தான் வேண்டும் என்றால், ஆலையிலிருந்து தண்டவாளத்துக்குத் தன் காசில் கிளைப்பாதை போடட்டும். பெட்டியைத் தானே வாங்கட்டும். ஒரு கிலோமீற்றருக்கு முழுக் கட்டணத்தையும் சலுகையில்லாமல் கட்டட்டும். அந்த பில்லைப் பார்த்த பிறகும் அவர்கள் ரயில் கேட்டால், குழுமத்தில் போடுங்கள். ஹதீஸையும் கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாங்களும் வருகிறோம்.