கடல் சராசரியில் வாழ்வதில்லை

காபனீரொட்சைட்டு எண்டவுடனே எங்களுக்கு ஞாபகம் வாறது வாகனப் புகைதான். மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது என்பதை, விஞ்ஞானம் படிக்கிற நண்பர்கள் சொல்லித்தான் கலைப்பீடத்து எங்களுக்குத் தெரியவந்தது. "அப்ப கடல் எங்களைக் காப்பாத்துது" எண்டு சந்தோசப்பட்டோம். விசயம் அவ்வளவு லேசில்லை.

கடல் அந்த வாயுவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்திருப்பதில்லை. தண்ணீர் சூடானால் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் திறன் குறையும், குளிர்ந்தால் கூடும். தாவரப் பிளாந்தன்கள் பெருகினால் ஒளித்தொகுப்புக்காக அதை எடுத்துக்கொள்ளும். அவை இறந்து ஆழத்தில் உக்கும்போது அது திரும்பவும் நீரில் சேரும். அதனால்தான் ஆழ்நீரில் காபனீரொட்சைட்டு அதிகம்.

எங்கட நாட்டின் தென்கரையைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலக, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் பிளாந்தனுக்கு வேண்டிய போசணையும் இருக்கு, காபனீரொட்சைட்டும் இருக்கு. கடல் செழிப்பதும் அதனால்தான், அமிலத்தன்மை கூடுவதும் அதனால்தான். வாடைக்காலத்தில் கதை வேறு. வங்காள விரிகுடாவின் ஆற்றுநீர் கலந்த, உப்புக் குறைந்த நீர் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே வருகிறது.

கைத்தொழிற் புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பீஎச் பெறுமானம் இப்போது 8.1 அளவில் நிற்கிறது. 0.1 தானே எண்டு விடேலாது. அது மடக்கை அளவீடு. அமிலத்தன்மை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கிறது. அதுவும் முழு உலகத்துக்கான சராசரி. சிப்பியும் முருகைக்கல்லும் சராசரியில் வாழ்வதில்லை. ஆண்டின் மிகக் கடுமையான கிழமைகளையும் அவை தாண்டியாக வேண்டும். அந்தக் கிழமைகளின் மேல்தான் எங்கட புகையும் போய்ச் சேருது.

ஆகவே, ஒருநாள் படகில் போய் ஒரு போத்தல் நீர் எடுத்துவந்து "கடல் நல்லாத்தான் இருக்கு" எண்டு எழுதும் அறிக்கையை நாங்கள் ஏற்கத் தயாரில்லை. எந்த மாதம் எடுத்தது என்பதே முதல் கேள்வி. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் தொடங்கிய வளிமண்டல அளவீடு தசாப்தங்களாகத் தொடர்ந்ததால்தான், பருவத்தோடு ஏறி இறங்குவது எது, வருடாவருடம் ஏறிக்கொண்டே போவது எது எண்டு பிரித்துப் பார்க்க முடிந்தது. எங்கட கரைகளிலும் அதே இடத்தில், மாதாமாதம், வருடக்கணக்காக அளக்க வேண்டும்.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை? எங்கட மீனவர்களிடம் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எண்டு காற்றுக்கொரு பெயர் இருக்கு. தண்ணி எப்ப குளிரும், எப்ப நிறம் மாறும், எந்த மீன் எப்ப வரும் எண்ட கணக்கும் இருக்கு. அது பீஎச் அளவைச் சொல்லாது. எங்கே, எப்போது அளக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அதைப் பதிவுசெய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. கொப்பியும் பொறுமையும் போதும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகேக்க கரைக்குப் போய்க் கேட்போம். கருவி வரட்டும் எண்டு காத்திருந்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு ஒண்டும் மிஞ்சாது.