பட்டை கூட்டினால் குற்றம்... கூட்டாமல் மலை ஏறுமா?

கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால், தேனிப் பக்கமிருந்து அங்கே வண்டி போக வழி கிடையாது. குரங்கணியிலிருந்து இருப்பது நடைபாதை மட்டும். வண்டியில் என்றால் போடிமெட்டு ஏறி, கேரள எல்லைக்குள் சூரியநெல்லி போய், அங்கே ஜீப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பதைச் சாலை என்று சொன்னால் அது நாம் காட்டும் பெருந்தன்மை. கருங்கற்கள் துருத்திக்கொண்டு கிடக்கும். மழை அரித்த பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால், எதிர்மூலைச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சூரிய உதயம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களும் இதில்தான் போகிறார்கள்; தோட்டத் தொழிலாளியின் அரிசி மூட்டையும், காய்ச்சல் கண்ட குழந்தையும் இதில்தான் போய்வர வேண்டும்.

இந்த மாதிரிப் பாதைகளில் ஓடுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர் ரக ஜீப்புகள். நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டைதான். கம்பெனி கொடுத்த பட்டையோடு எட்டுப் பேரையும், கேரியரில் மூட்டையையும் ஏற்றினால் முதல் மேட்டிலேயே அடிப்பாகம் கல்லில் உரசும். அதனால் வாங்கிய கையோடு வண்டி பட்டறைக்குப் போகிறது. யு போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டைத் தட்டி எடுத்து, அடுக்கில் ஒன்றோ இரண்டோ பட்டை கூட்டுகிறார்கள். பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிலை நீளமாக்கி வண்டியைத் தூக்குகிறார்கள். பின்பக்கம் பாடியை ஒரு முழம் இழுத்து, எதிரெதிரே பெஞ்ச் சீட் போடுகிறார்கள். குழாய் வளைத்துக் கூண்டு கட்டி, மேலே படுதா. கடம்பூர் மலையில் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிக்கும் இந்த உயரம் தேவைப்படுகிறது.

சட்டப்படி இவை எல்லாமே குற்றம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. மேலே சொன்ன ஜீப்பில் பட்டை, ஷாக்கில், பாடி, கூண்டு என்று நான்கு மாற்றம். 20,000 ரூபாய்.

சட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. நகரத்தில் தார் ஜீப் வாங்கி, டிராக்டர் டயர் மாதிரி ஒன்றை மாட்டி, முன்னால் இரும்புக் குழாய் வைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உறுமிக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்கட்டும். அந்தக் குழாய் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வேடிக்கைக்கு மாற்றியவரையும் வேறு வழியில்லாமல் மாற்றியவரையும் ஒரே கோலால் அளப்பதில்தான் வம்பு.

தடை போட்டதால் பட்டறைகள் ஓய்ந்துவிடவில்லை. வேலை கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டி என்றால் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்கு முன்னால் கூட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு, காட்டி முடித்ததும் மாட்டிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை. வருஷா வருஷம் பார்ப்பவரே கிடையாது. வண்டி உருண்ட பிறகுதான் எல்லாம் வெளியே வரும். காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். டிரைவர் கடனில் விழுவார், இறந்தவர் குடும்பம் கோர்ட்டு வாசலில் நிற்கும்.

பட்டறைக்காரரின் கைத்திறனில் குறையில்லை. அவரிடம் இல்லாதது அளவு. காயலான் கடையில் கிடைத்த லாரிப் பட்டையை வெட்டி வைக்கிறார். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஆறு மில்லி பட்டை இருந்த இடத்தில் எட்டு மில்லி வைத்தால், கனம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அந்தப் பட்டையின் விறைப்போ 2.4 மடங்கு ஆகிவிடுகிறது. கல்லில் விழும் அடியைப் பட்டை வாங்காது, சேஸிஸ் வாங்கும். பட்டை தொங்கும் பிராக்கெட் ஓரமாக மெல்ல விரிசல் ஓடும். ஷாக்கிலை நீட்டியவர் பிரேக் ஹோஸை நீட்டாமல் விட்டிருப்பார். சமதளத்தில் வித்தியாசமே தெரியாது. சக்கரம் பள்ளத்தில் முழுசாகத் தொங்கும்போதுதான் ஹோஸ் கயிறாக இழுபடும். ஒருநாள் பிய்த்துக்கொள்வதும் அந்த மாதிரி இறக்கத்தில்தான்.

பாடியை இழுத்ததன் வினை வேறு. பின் அச்சுக்கு அப்பால் பாரம் கூடக் கூட, ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பின்நீட்டம், அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய விதி இருக்கிறது. ஒரு டேப்பை வைத்து அளந்தால் ஐந்து நிமிஷ வேலை. அளக்கத்தான் ஆளில்லை.

கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டுகிறார்கள். வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு வெளியே பாடி கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 052, ஏ.ஐ.எஸ். 093 என்று விதித்தொகுப்பே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வண்டியை எவ்வளவு தூக்கலாம், எதற்கு மேல் பொறியாளர் சான்று வேண்டும் என்று கையேடு போட்டிருக்கிறார்கள். மலை ஜீப்புக்கு மட்டும் இங்கே ஒரு தாள்கூட இல்லை.

வழி 52-ஆம் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக வண்டியை மாற்ற விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அது கொடுக்கிறது. தமிழகப் போக்குவரத்துத் துறை அதைக் கேட்டு எழுத வேண்டும். ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. ஒரு மாதிரி ஜீப்பை அங்கே நிறுத்தி, எத்தனை பட்டை, என்ன கனம், எவ்வளவு உயரம், எந்த நீள ஹோஸ் என்று முடிவு செய்யட்டும். கூண்டையும் சாய்வையும் சோதிக்கட்டும். போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மெக்கானிக்கல் துறையினர் உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம், வேலை முடிந்த வண்டியைப் பார்த்துச் சான்றும் தரலாம். அந்தச் சான்று குறிப்பிட்ட மலைப்பாதைக்கும், குறிப்பிட்ட ஆள் எண்ணிக்கைக்கும் மட்டும் செல்லட்டும். ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்குத் திருத்திக்கொள்ள ஓராண்டு அவகாசம் வேண்டும், அதுவரை வழக்குப் போடக் கூடாது. பிரேக் ஹோஸ் சோதனைக்கு மட்டும் அந்த அவகாசம் கூடாது, நாளைக்கே தொடங்கலாம்.

நல்ல சாலை போட்டுவிட்டால் ஜீப்பே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். காட்டுக்குள் சாலை என்றால் வனத்துறை அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். அது எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். கொழுக்குமலைக்கு இன்னொரு சிக்கல்: தோட்டம் இங்கே, பாதை அங்கே. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் சேர்ந்து உட்காராமல் எதுவும் நகராது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள். ஜீப் டிரைவர்களையும் பட்டறைக்காரர்களையும் பயமுறுத்தாமல் கூப்பிட்டு, மாற்றிய வண்டியோடு வரச் சொல்லுங்கள்.