ஹொப்சனின் தெரிவு

ஆங்கில மரபுத்தொடர்களை நம் மாணாக்கர் பட்டியலிட்டு மனனஞ் செய்கின்றனர். பிறப்பறியாது கற்பதாற் பொருளும் பிறழ்கின்றது. 'ஹொப்சனின் தெரிவு' என்பதை, இரு தீமைகளுள் ஒன்றைத் தெரியவேண்டிய இக்கட்டு எனப் பலர் வழங்குகின்றனர். அது பிழை. 'இதனைக் கொள், அன்றேல் வெறுங்கையுடன் செல்' என்பதே அதன் பொருள்.

தோமஸ் ஹொப்சன் (1544–1631) கேம்பிறிட்ஜ் நகரிற் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். அவர் இறந்தபோது கவிஞர் மில்ரன் நகைச்சுவை கலந்த இரங்கற்பாக்கள் இரண்டு இயற்றினார். லாயத்து வாயிலுக்கு அண்மையில் நிற்கும் குதிரையையே எவரும் கொள்ளவேண்டும் என்பது ஹொப்சனின் விதி. 1712இல் 'ஸ்பெக்டேற்றர்' இதழ் இதனை எடுத்துரைத்தது. நல்ல குதிரைகளையே யாவரும் விரும்பிக் கேட்பின் அவை ஓய்வின்றி நலியும். முறைவைத்துக் கொடுப்பின் உழைப்பும் ஓய்வும் எல்லாவற்றிற்கும் ஒப்ப அமையும்.

ஏறுவோர்க்குக் கொடுமையாய்த் தோன்றியது குதிரைக்கு நீதியாயிற்று. தொடரோ ஏறுவோரின் மனக்குறையை மட்டுமே பேணிக்கொண்டது. குதிரைக்குப் பேச வாயில்லையன்றோ! ஆசிரியர் பொருளுடன் பிறப்பையுங் கூறுவாராயின் பிழை நீங்கும். ஒரு சொல் எவர் பக்கம் நின்று பேசுகின்றது என வினவும் பழக்கமும் மாணாக்கரிடம் வளரும். மொழிக்கல்வியின் பயன் அதுவே.