கடலடியில் ஒரு பேன், பீடோரில் ஒரு நீர்நாய்

பேராக் மாநிலத்தின் பீடோர் வட்டாரத் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசற்படியும் பேன் சீப்பும்தான். ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளில் நாங்கள் மணிக்கணக்காக முங்கிக் குளித்துவிட்டு வருவோம். பாட்டி சீப்பை வைத்தால் பேன் உயிரோடுதான் விழும். தண்ணீரில் அமுங்கிய பேன் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, முடியைப் பற்றியபடி அசையாமல் கிடக்கும். மேலே வந்ததும் நடக்கத் தொடங்கிவிடும்.

குட்டையில் முங்கும் பேனுக்கே இந்தத் திறமை என்றால், தெற்கத்திய யானைச் சீலின் பேனை என்னவென்று சொல்வது! இந்தச் சீல் ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கிறது. ஒரு முங்கலுக்கு இருபது, முப்பது நிமிடம். மேலே வந்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். 2,000 மீட்டருக்குக் கீழேயும் அது இறங்கியிருக்கிறது. அதன் துடுப்புத் தோலில் ஒட்டியிருக்கும் லெப்பிடோஃப்திரஸ் மேக்ரோரைனி என்னும் பேனும் கூடவே இறங்குகிறது.

அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்தில் மரியா சொலெடாட் லியோனார்டி, கிளாடியோ லஸாரி குழுவினர் இந்தப் பேன்களைச் சேகரித்து, அழுத்தக் கலத்தில் இட்டுச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைப் பேன்கள் தாங்கின. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த எண் அல்ல. பேன்களை எடுத்தது இன்னும் கடலில் இறங்காத குட்டிகளிடமிருந்து. குட்டியின் உடலிலேயே பொரித்த பேனுக்கு ஆழத்தைத் தாங்கும் உடல் பிறவியிலேயே வாய்த்திருக்க வேண்டும்.

மூச்சு விஷயம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தோல்வழியே பெறுகிறது என்ற கருத்துக்கு வலுவுண்டு. ஆனால் கடலை வென்ற இந்தப் பூச்சியின் முட்டை கடல்நீரில் பிழைப்பதில்லை. சீல் ஈனவும் தோலுரிக்கவும் கரையேறும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டு, பொரித்து, தாயிடமிருந்து குட்டிக்குத் தாவிவிட வேண்டும். விருந்தோம்பியின் நாட்காட்டிதான் ஒட்டுண்ணியின் நாட்காட்டி. பேனை மட்டும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இது சரியான கண்டனம் என்றே நினைக்கிறேன்.

திமிங்கலத்துக்கும் ஆவுளியாவுக்கும் பேன் இல்லை. ‘திமிங்கலப் பேன்’ என்பது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. சீல், கடல் சிங்கம், வால்ரஸ் ஆகியவற்றின் முன்னோர் தரையிலிருந்து பேனையும் சுமந்தே கடலுக்குப் போயின. இந்தப் பேன் குடும்பத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் கடல் விலங்கில் இல்லாமல் வட அமெரிக்க ஆற்று நீர்நாயின் உடலில் வாழ்கிறது.

நம் பேராக்கிலும் நீர்நாய் உண்டு. ஆற்றிலும் பழைய ஈயக்குட்டையிலும் கூட்டமாக நீந்துவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் உடலிலும் இத்தகைய பேன் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். சாலையில் அடிபட்ட உடல் வனவிலங்குத் துறை வழியாகச் சில வேளை நம் கால்நடை மருத்துவர்களின் மேசைக்கு வரும். சாவின் காரணத்தை எழுதிக் கோப்பை மூடுவதோடு வேலை முடிந்ததாக எண்ணுகிறோம். உடல் குளிர்ந்ததும் ஒட்டுண்ணிகள் இறங்கிப் போகத் தொடங்கிவிடும். அதனால் கிடைத்தவுடன் வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி முடிச்சிடுங்கள். பிறகு வெள்ளைத் தாளின்மேல் கிடத்தி, கழுத்து, அக்குள், விரலிடை என்று மயிரை எதிர்ப்பக்கமாகச் சீவுங்கள். பையின் உள்பக்கத்தையும் பாருங்கள். கிடைத்ததை ஆல்கஹாலில் இட்டு, இடம், நாள், விலங்கின் இனம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ‘சீவிப் பார்த்தோம், இல்லை’ என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரியும் நமக்குத் தேவை.