வானத்தில் மாறாதது உண்டா?

பூமியில் உள்ளவையெல்லாம் மாறக்கூடியவை, அழியக்கூடியவை. வானத்தில் உள்ளவையோ என்றும் ஒரே நிலையில் இருப்பவை என்பதாக ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில் காலந்தொட்டு ஏறக்குறைய 2,000 வருஷகாலம் சொல்லி வந்தார்கள். பெரியவர் சொல்லிவிட்டார், படித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அப்புறம் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கும்?

1596-ல் டேவிட் ஃபப்ரீஷியஸ் என்னும் பாதிரியார் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். திமிங்கில மண்டலத்தில் பிரகாசமாயிருந்த ஒரு நட்சத்திரம் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. 1662-ல் ஹெவீலியஸ் என்பவர் அதற்கு ‘மீரா’, அதாவது ஆச்சரியமானது என்று பெயர் வைத்தார். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை அது மங்கி மறுபடியும் பிரகாசிக்கிறது. இம்மாதிரி நட்சத்திரங்கள் வயதாகிப் பெருத்துச் சிவந்துபோன சூரியன்களேயாகும். அவை விரிவதும் சுருங்குவதுமாய் இருப்பதால்தான் ஒளி கூடியும் குறைந்தும் வருகிறது.

சரி, ஒளிதான் மாறுகிறது, அதற்குரிய தவணையாவது மாறாமல் இருக்குமல்லவா என்றால், அதுவும் இல்லை. நீர்ப்பாம்பு மண்டலத்திலுள்ள ‘ஆர் ஹைட்ரே’ என்னும் நட்சத்திரத்துக்கு 1700-ம் வருஷ வாக்கில் தவணை சுமார் 495 நாள். அது குறைந்துகொண்டே வந்து 1950 வாக்கில் சுமார் 385 நாளாயிற்று. துருவ நட்சத்திரம் இருக்கும் சிறு கரடி மண்டலத்திலேயே ‘டி’ என்னும் நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. 1970-களின் கடைசி வரையில் அதன் தவணை சுமார் 310 நாள். பிறகு வருஷத்துக்கு ஏறக்குறைய 3 நாள் வீதம் குறைந்து, 30 வருஷத்துக்குள் 230 நாளுக்கு வந்துவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? யாருடைய கோபமும் அல்ல, யாருடைய அருளும் அல்ல. நட்சத்திரத்தின் நடுவைச் சுற்றிச் சேர்ந்துவரும் ஹீலியம் என்னும் வாயு ஒரு சமயம் திடீரென்று பற்றிக்கொள்ளுகிறது. அதன் விளைவாக நட்சத்திரத்தின் உடல் சுருங்குகிறது. கயிற்றைக் குட்டையாக்கினால் ஊஞ்சல் சீக்கிரம் சீக்கிரமாக ஆடுவதுபோல, உடல் சிறுத்தால் தவணையும் குறைகிறது. சிறு கரடி நட்சத்திரத்துக்கு இதுதான் காரணம் என்று 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் ஆர் ஹைட்ரேவுக்கும் இதே காரணந்தானா என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராயபேதம் இருக்கிறது. அதற்காக யாரும் யாரையும் விலக்கி வைத்துவிடவில்லை. இன்னும் பார்ப்போம் என்றுதான் சொல்லுகிறார்கள்.

நிற்க, இந்தச் சங்கதியெல்லாம் எப்படித் தெரிந்தது? பெரிய கருவிகளால் மட்டுமல்ல. பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு பிரகாசம் என்று சாதாரண மனிதர்கள் இரவுதோறும் எழுதிவைத்த குறிப்புகளால்தான். 1911-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. வங்காளத்தில் ஜெஸ்ஸூர் கஜானாவில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரர், பள்ளிப் பரீட்சையில் தேறாதவர். அவர் அந்தச் சங்கத்துக்கு 30,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை அனுப்பினார். இப்படிச் சேர்ந்த குறிப்புகளைக்கொண்டு 2005-ல் 547 நட்சத்திரங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கே இடமில்லாமல் தவணை மாறியவை 8 தான் அகப்பட்டன. அந்த எட்டைக் கண்டுபிடிக்க மற்ற 539-ஐயும் அலுக்காமல் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

தோழர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏட்டில் 310 நாள் என்று போட்டிருக்க, நட்சத்திரம் அதற்கு முன்னதாகவே பிரகாசித்தபோது, பார்த்தவன் என்ன செய்தான்? முன்னோர் எழுதியது பொய்யாகாது என்று தான் கண்டதை மறைத்தானா? அல்லது முன்னோர் மூடர் என்று பழைய குறிப்புகளைக் கொளுத்தினானா? இரண்டும் இல்லை. தான் கண்டதை உள்ளபடியே எழுதினான். பழையதையும் பத்திரமாய் வைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. ஒருவன் தன் காலத்துக் குறிப்பைக் கணக்குக்கு ஒத்துவரும்படி திருத்தியிருந்தால், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அல்லவா ஏமாந்திருப்பார்கள்!

நட்சத்திரம் ஏட்டைப் படித்துவிட்டு நடப்பதில்லை. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஏட்டை எழுத வேண்டும். கண்டதுக்கும் ஏட்டுக்கும் ஒத்துவராதபோது திருத்த வேண்டியது எதை என்பதை ஒவ்வொருவரும் தம் அறிவைக்கொண்டு யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.