கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

கம்பளக் கடைகளில் ‘கையால் செய்தது’ என்னும் தொடர் இருபொருள்படுவது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹியில் நெசவாளர் முடிச்சு முடிச்சாகக் கட்டும் கம்பளத்துக்கும் அதே பெயர். கைத்துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைச் செலுத்தி, லேடெக்ஸ் பசையால் ஒட்டியதற்கும் அதே பெயர். முன்னதற்குப் பசை தேவையில்லை. தலைமுறை தாண்டி உழைக்கும். பின்னதன் பசை நெடி வீசும். நாளடைவில் பொடியாக உதிரும்.

ஆகவே சொல்லை நம்பாமல் கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள். முடிச்சுகள் தெரிந்தால் முதல் வகை. துணி மூடியிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது. விலை கட்டுப்படியாகாதெனில், நம் ஜமக்காளத்தை ஒத்த மிர்சாபூர் பருத்தி விரிப்பு போதும், அதிலும் பசையில்லை.

ஆயினும் நச்சின்மை மட்டுமே அறமாகாது. 1994இல் ‘ரக்மார்க்’ எனத் தொடங்கி இன்று ‘குட்வீவ்’ எனப்படும் முத்திரையையும் தேடுங்கள். அது குழந்தை உழைப்புக்கு எதிரானது. நம் குழந்தை தவழும் விரிப்பை இன்னொரு குழந்தை நெய்திருக்கலாகாது.